கோடை விடுமுறைக்கான வாசிப்புப் பட்டியலைத் தயாரிப்பது எப்படி: மதுரை வட்டாரப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது வாசிப்புப் பட்டியல் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: எந்தெந்தப் புத்தகங்களை வாங்க வேண்டும்? இந்தக் கேள்வி இவ்வழிகாட்டியில் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள நான்கு படிகளைத் தாண்டிவிட்டு நூற்பெயர்களிலிருந்து தொடங்கியவர்களின் பட்டியல்கள் மே மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே கைவிடப்படுவதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். புத்தகங்கள் நல்லவையாகவே இருந்தன. ஆனால் அவை அந்தப் பிள்ளைக்கும், அந்த வீட்டின் நாள்களுக்கும், கைக்கு எட்டும் பிரதிகளுக்கும் பொருந்தவில்லை.

கீழ்க்காணும் முறை எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள ஒரு பிள்ளைக்கோ, ஒரு தெருவிலுள்ள சிறு குழுவுக்கோ பட்டியல் தயாரிப்பவர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்; ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் விடை அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரு நாட்காட்டி, ஒரு குறிப்பேடு, பிள்ளை இதுவரை பார்த்திராத இரண்டு மூன்று கதைப் புத்தகங்கள், நேரம் பார்க்க ஒரு கடிகாரம் ஆகியவை போதும். வேலையை ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்குங்கள். விடுமுறை தொடங்கிய பின் தொடங்கினால், நூலகத்தில் சிறுவர் நூல்கள் பலவும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். கடைகளில் சொல்லி வைத்து நூல் தருவிப்பதற்கும் சில நாள்கள் ஆகும்.

1. வாசிக்கக் கிடைக்கும் நாள்களைக் கணக்கிடுங்கள்

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஏறத்தாழ 45 நாள்கள் இருப்பதாக எண்ணிக்கொண்டு பட்டியல் போடுவது பொதுவான பிழை. நம் ஊரில் அந்த 45 நாள்கள் முழுமையாகக் கிடைப்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் கொடியேற்றத்திலிருந்தே வீட்டின் ஒழுங்கு மாறிவிடும். மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் வைகையில் இறங்கும் நாள் என்று வெளியூர் உறவினர்கள் வந்து தங்கும் நாள்களில் எந்தப் பிள்ளையும் ஓரிடத்தில் அமர்ந்து வாசிக்காது. வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோயில் பொங்கலும் முளைப்பாரியும் இதே பருவத்தில் வருவதுண்டு. அம்மாச்சி வீட்டுப் பயணம், திருமணங்கள் ஆகியவற்றையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

இவற்றைக் கழித்து, வாரம் ஒரு நாள் ஓய்வும் விட்டால், பெரும்பாலான வீடுகளில் சுமார் 25 நாள்களே எஞ்சும். பட்டியல் இந்த 25 நாள்களுக்கானதாக இருக்க வேண்டும்.

நாளின் எந்த நேரம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அக்கினி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை நீடிப்பதால், முற்பகல் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்ப முடியாது. பகல் உணவுக்கு முந்தைய அரை மணி நேரம் வாசிப்புக்கு ஏற்றது. உணவுக்குப் பின் என்று வைத்தால் வெக்கையிலும் அயர்ச்சியிலும் புத்தகம் கையில் இருக்கும்போதே உறங்கிவிடுவார்கள்.

2. பிள்ளையை வாசிக்கச் செய்து கேளுங்கள்

இந்த வேலை முழுவதிலும் அதிகக் கவனம் தேவைப்படும் படி இது. வயதையோ வகுப்பையோ வைத்து வாசிப்புத் திறனை ஊகிக்க முடியாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரு பிள்ளைகளுக்கு இடையே மூன்று நான்கு வகுப்புகளின் வேறுபாடு இருப்பது இயல்பு.

பாடநூல் அல்லாத ஒரு கதைப் புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றை எடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நடுப்பக்கம் ஏன் என்றால், முதற்பக்கத்தைப் பிள்ளை முன்பே புரட்டிப் பார்த்திருக்கக்கூடும். மேலும் பல நூல்களின் தொடக்கம் மற்ற பகுதிகளைவிட எளிமையாக எழுதப்பட்டிருக்கும். வாசிக்கும்போது திருத்த வேண்டாம். திருத்தினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கும். அதன் உண்மையான நிலை உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மூன்றைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை இடங்களில் திக்குகிறது? ஐந்து இடங்களுக்கு மேல் என்றால் அந்த நூல் தனியாக வாசிப்பதற்குக் கடினமானது. வாக்கியம் முடியும் இடத்தில் நிறுத்துகிறதா, அல்லது வரி முடியும் இடத்தில் நிறுத்துகிறதா? வரி முடிவில் நிறுத்தினால் எழுத்தைத்தான் வாசிக்கிறது, பொருளை இன்னும் பற்றவில்லை. மூன்றாவதாக, புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். தடையின்றி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் அந்த நூல் அப்போதைக்குப் பொருந்தாது.

தமிழில் திக்கல் வரும் இடங்கள் சில குறிப்பிட்ட இடங்களே. முதலாவது, சேர்ந்து நீளும் சொற்கள். ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்ற ஒரு சொல் பேச்சில் எந்தச் சிரமமும் தராது. அச்சில் அது ஒரு பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடும். இரண்டாவது, பேச்சுவழக்கை அப்படியே எழுதிய உரையாடல்கள். ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்று நாள்தோறும் பேசும் பிள்ளைதான் அச்சில் அதைக் கண்டதும் தடுமாறுகிறது, ஏனெனில் பாடநூலில் அந்த வடிவத்தை அது பார்த்ததில்லை. இரண்டு பக்கங்களை நீங்கள் வாசித்துக் காட்டினால் இந்தத் தடை விலகிவிடும். ஆகவே வட்டார வழக்கில் எழுதப்பட்ட நூல்களைக் கடினம் என்று உடனே ஒதுக்க வேண்டாம். ஆனால் பழைய நடையில் வடசொற்கள் மிகுந்த நூல்களில் திக்கினால், வாசித்துக் காட்டுவதாலும் பயனில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

பிறகு அதே புத்தகத்தைப் பத்து நிமிடம் மௌனமாக வாசிக்கவிட்டுப் பக்கங்களைக் குறியுங்கள். பத்து நிமிடத்தில் நான்கு பக்கம் என்றால், அரை மணி நேரத்தில் 12 பக்கம். 25 நாள்களில் 300 பக்கம். இந்தப் பிள்ளைக்கு 60 பக்க அளவில் ஐந்து நூல்கள் போதும். இதே பிள்ளைக்கு இருபது நூல்களின் பட்டியலைத் தருகிறவர்கள், விடுமுறை முடியும்போது பதினைந்து நூல்களின் தோல்வியைத்தான் அதற்குத் தருகிறார்கள்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை, வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும். அச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்துக் கூட்டும். அதன் வாசிப்புத் திறனுக்கு ஏற்றது என்று முயலும் ஆமையும் கதையைக் கொடுத்தால், அது அவமானமாக உணர்ந்து தமிழ்ப் புத்தகத்தையே வெறுத்துவிடும். அதன் அறிவுக்கு ஏற்றது என்று பெரிய நாவலைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடும். இவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்து, சிறிய அத்தியாயம், உரையாடல் மிகுதி, வயதுக்கேற்ற கதை ஆகிய நான்கும் சேர்ந்த நூல். படக்கதைகளும் நன்கு உதவுகின்றன. முதல் அத்தியாயத்தை வீட்டுப் பெரியவர் வாசித்துக் காட்டி, கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தினால், எஞ்சியதைப் பிள்ளை தானே வாசிக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பு இயக்கத்தின் நூல்களைப் பார்த்திருப்பார்கள். அந்நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. எந்த நிலை நூல்களை எளிதாக வாசித்தாய் என்று கேட்டால், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

3. விருப்பத்தை விசாரியுங்கள்

‘உனக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும்?’ என்று கேட்க வேண்டாம். அதிகம் வாசிக்காத பிள்ளையிடம் அதற்கு விடை இருக்காது. எதைப் பற்றிப் பேச்சு வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறது என்பதைப் பாருங்கள். சல்லிக்கட்டுக் காளையா, பேய்க்கதையா, கிரிக்கெட்டா, விண்கலமா என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

4. நூல்கள் எங்கே கிடைக்கும் என்பதை நூல்களைத் தேர்வதற்கு முன் பாருங்கள்

கிடைக்காத நூல் பட்டியலில் இருந்தால் பிள்ளை காத்திருக்கும், பிறகு ஆர்வம் போய்விடும். ஆகவே கைக்கு எட்டும் பிரதிகளிலிருந்தே பட்டியல் உருவாக வேண்டும்.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குப் பிள்ளையோடு ஒருமுறை செல்லுங்கள். ஒரே இடத்தில் நிறைய நூல்களைப் புரட்டிப் பார்க்க அதுவே வசதியான இடம். அங்கே பிள்ளை எந்த அலமாரியின் முன் நிற்கிறது, எதை எடுத்து எதைத் திரும்ப வைக்கிறது என்று சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள்; மூன்றாம் படியில் கிடைக்காத விடைகள் இங்கே கிடைக்கும்.

வீட்டுக்கு எடுத்து வருவதற்குச் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகமும், உங்கள் பகுதியின் கிளை நூலகமும் உள்ளன. பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளை வேறு விதமாக மதிக்கிறது. ஒரு தவணைக்கு எத்தனை நூல்கள், எத்தனை நாள்கள் என்று கேட்டு, நாட்காட்டியில் திருப்பித் தரும் நாளையும் எழுதுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து வெயிலில் பிள்ளையை அழைத்துச் சென்று திரும்புகிறவர்கள் பலர். சிற்றூர்களில் உள்ள நூலகங்களில் சிறுவர் நூல்கள் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். நூலகரிடம் முன்கூட்டிச் சொன்னால் எடுத்து வைப்பார்.

விலைக்கு வாங்குவதென்றால், மேல வெளி வீதியின் சர்வோதய இலக்கியப் பண்ணை போன்ற கடைகளில் நேரில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23-ஐ ஒட்டிப் பல கடைகளும் பதிப்பகங்களும் தள்ளுபடி தருவதால், வாங்க வேண்டிய நூல்களை அதற்குள் முடிவு செய்வது நல்லது. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். பிள்ளை மீண்டும் மீண்டும் எடுக்கும் என்று தோன்றும் ஒன்றிரண்டை மட்டும் வாங்கி, மற்றவற்றை நூலகத்திலிருந்து எடுங்கள்.

இணையத்தில் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு படிநிலைகளில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் உள்ளன. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதை வேண்டும்போது இவை உதவும். ஆனால் கைப்பேசியில் வாசிக்கச் சொல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அடுத்த நிமிடம் காணொளிக்குப் போய்விடும் ஒரு கருவியில் ஒரு புதிய வாசகரை அமர்த்துவது அவருக்கு நாம் செய்யும் உதவி ஆகாது. அச்செடுத்துக் கொடுங்கள்.

5. தேவைக்கு இரண்டு மடங்காக ஒரு முதற்பட்டியல் எழுதுங்கள்

ஐந்து நூல்கள் வேண்டுமென்றால் பத்துப் பெயர்களை எழுதுங்கள். அடுத்த படியில் பாதி விழுந்துவிடும்.

பெயர் தெரிந்த நூல்களை மட்டும் எழுதுவது இங்கே காணும் பெரிய பிழை. திரைப்படம் வந்த பிறகு, பத்து வயதுப் பிள்ளைக்கு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் வாங்கி வைத்த வீடுகள் உண்டு. அது அரிய நூல். ஆயினும் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் தொடர்கதையை 25 நாள்களுக்குள் அடக்க முடியாது. மதுரையின் கதை என்பதற்காகச் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நூலைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பரிந்துரைப்பதும் அத்தகையதே. ஆயிரம் பக்கங்களைக் கடந்த அந்த நாவலை வீட்டுப் பெரியவர்கள் வாசிக்கட்டும்.

தொடங்குவதற்கு நல்ல இடம், சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்கள். அவை சிறுவருக்கென்றே எழுதப்பட்டவை. பெரும்பாலும் மெல்லிய நூல்கள். 2023-இல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டது. மதுரைப் பிள்ளையின் பட்டியலில் இதை நான் முதலில் எழுதுவேன். நூலை வாசித்த பின் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல முடியும் என்பதுதான் காரணம். சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் மதுரையிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடலாம். வாசித்ததைக் கண்ணால் காணும் பிள்ளை அடுத்த நூலைத் தானே கேட்கிறது.

ஊரோடு இணையும் நூல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். காளைகளின் மீது ஈடுபாடுள்ள அலங்காநல்லூர், பாலமேட்டுப் பக்கத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பொருந்தும். நூறு பக்கத்துக்கு உட்பட்ட குறுநாவல் என்பதால் ஓரிரு அமர்வுகளில் முடிந்துவிடும், அதன் பேச்சுமொழியும் அவர்களுக்கு அந்நியமானதன்று. சண்டையும் இரத்தமும் உள்ள கதை என்பதால் இளையவர்களுக்கு வேண்டாம்.

கதையல்லாத நூல் ஒன்றும் வேண்டும். கதை வாசிக்க மறுக்கும் பிள்ளைகளில் பலர் பறவை, பூச்சி, விண்மீன் பற்றிய நூல்களை விடாமல் வாசிக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பறவைக் கையேட்டோடு அங்கே காலையில் சென்று வந்தால், அந்தக் கையேடு விடுமுறை முழுவதும் பயன்படும்.

மொழிபெயர்ப்பைத் தவிர்க்காதீர்கள். ‘டோட்டோ சான்’ தமிழில் கிடைக்கிறது; மிகச் சிறிய அத்தியாயங்களைக் கொண்டிருப்பதால், இடையிடையே விட்டு வாசிக்கும் பிள்ளைக்கும் நூல் கைநழுவுவதில்லை.

6. ஒவ்வொரு நூலையும் நீங்கள் முதலில் வாசியுங்கள்

முழுவதும் வாசிக்க நேரம் இல்லையென்றால் முதல் இருபது பக்கங்களையும், நடுவில் பத்துப் பக்கங்களையும், முடிவையும் வாசியுங்கள். அட்டையையும் பருமனையும் நம்ப முடியாது. ‘குட்டி இளவரசன்’ மெல்லிய நூல், படங்கள் நிறைந்தது. அதைப் பார்த்து ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிரிவும் தனிமையும் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் மனத்தில் தங்குகின்றன.

சில நூல்கள் உங்கள் துணையை எதிர்பார்க்கின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசுகிறது. மிகவும் தேவையான நூல். ஆனால் பிள்ளை ஒரு கேள்வியோடு வரும்போது நீங்கள் அந்த நூலை வாசிக்காதவராக இருக்கக் கூடாது. பதற்றப்படாமல் விடை சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இந்தப் படியில் எழுத்தின் அளவையும் தாளையும் பாருங்கள். பழைய மலிவுப் பதிப்புகளில் எழுத்து மிகச் சிறியதாகவும் வரிகள் நெருக்கமாகவும் இருக்கும். நன்றாக வாசிக்கும் பிள்ளைகூட அதைக் களைப்போடுதான் வாசிக்கிறது. அதே கதை வேறு பதிப்பில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அறிவுரையை முடிவில் ஒட்டவைத்த கதைகளையும் இப்போதே நீக்கிவிடலாம். பிள்ளைகள் அதை முதல் நூலிலேயே கண்டுகொண்டு இரண்டாவதைத் தொடுவதில்லை.

7. வரிசையை முடிவு செய்யுங்கள்

முதல் நூல், பிள்ளையின் இப்போதைய திறனைவிட ஒரு படி எளிமையானதாக, மூன்று நாள்களுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். ஒரு நூலை முழுவதும் முடித்துவிட்டோம் என்ற நிறைவு அடுத்த இரண்டு நூல்களுக்கு உந்துதலாகும். கனமான நூலை மூன்றாவது இடத்தில் வையுங்கள். பழக்கம் உருவாகியிருக்கும், சலிப்பு இன்னும் வந்திருக்காது. திருவிழா நாள்களிலும் பயணத்திலும் சிறுகதைத் தொகுப்பைக் கொடுங்கள், ஏனெனில் நாவலை நான்கு நாள் விட்டுவிட்டால் பாத்திரங்களின் பெயர்களே மறந்துபோகும்.

8. பட்டியலை எழுதும் முறை

ஒரே தாளில், பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் செய்யுங்கள். நூல், ஆசிரியர், பக்கம், எங்கிருந்து எடுப்பது, திருப்பித் தரும் நாள் ஆகிய ஐந்தும் போதும். கடைசியில் இரண்டு வரிகளை வெற்றாக விடுங்கள். அவை பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் நூல்களுக்கானவை. அது பேய்க்கதையைத் தேர்ந்தாலும் மறுக்க வேண்டாம்.

ஒவ்வொரு நூலுக்கும் சுருக்கம் எழுத வேண்டும் என்று விதிக்காதீர்கள். விடுமுறையில் வீட்டுப்பாடம் ஒன்று கூடியதாகவே பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். இரவு உணவின்போது அப்பத்தாவிடமோ தாத்தாவிடமோ கதையைச் சொல்லச் செய்யுங்கள். கண்பார்வை குறைந்த பெரியவர்கள் உள்ள வீடுகளில் இது இருவருக்கும் பயனளிக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகள் எந்தப் பயிற்சித்தாளையும்விடக் கூர்மையானவை.

குழுவாக வாசிப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நூலை வாங்க வேண்டியதில்லை. ஐந்து பிள்ளைகள், ஐந்து நூல்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுதல் என்று அமைத்தால் செலவும் குறையும், யாரிடம் எது இருக்கிறது என்ற பேச்சும் நிகழும். பிள்ளைகளின் வாசிப்பு வேகம் ஏறத்தாழ ஒத்திருந்தால் மட்டுமே இம்முறையைக் கையாளுங்கள்.

9. முதல் வாரம் முடிந்ததும் திருத்துங்கள்

எட்டாம் நாள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் நூல் முடியவில்லையென்றால் பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு முன் பட்டியலைச் சோதியுங்கள். எந்தப் பக்கத்தில் நின்றது என்பதில் விடை இருக்கிறது. முதல் பத்துப் பக்கத்துக்குள் நின்றால் நூல் கடினம். நடுவில் நின்றால் பெரும்பாலும் விருப்பம் பொருந்தவில்லை. கடைசிக்குச் சற்று முன் நின்றால் விருந்தினர் வருகையோ பயணமோ குறுக்கிட்டிருக்கும், அதைத் தொடரச் சொல்லலாம். முதல் இரண்டு நிலைகளில் நூலை மாற்றிவிடுங்கள். முதற்பட்டியலில் மீதமிருந்த பெயர்கள் இதற்காகத்தான் காத்திருக்கின்றன. பாதியில் விட்ட நூலை முடித்தால்தான் அடுத்தது என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகளில் வாசிப்பு அந்த நூலோடு நின்றுவிடுகிறது.

பிள்ளை எதிர்பார்த்ததைவிட வேகமாக முடித்தால் பக்கங்களைக் கூட்டுங்கள். ஆனால் நாளொன்றுக்கான நேரத்தைக் கூட்டுவதைப் பிள்ளையின் விருப்பத்துக்கே விடுங்கள்.

மே கடைசி வாரத்தில் நூலக நூல்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடித்தவை, விட்டவை, விட்ட பக்கம் மூன்றையும் குறித்த அந்தத் தாளை மட்டும் பத்திரப்படுத்தி, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரிடமோ தமிழாசிரியரிடமோ காட்டுங்கள். காலாண்டு விடுமுறைக்குப் பட்டியல் போடும்போது இரண்டாம் படியை மீண்டும் செய்யுங்கள். மூன்று மாதத்தில் பிள்ளையின் வாசிப்பு வேகம் மாறியிருக்கும், பழைய கணக்கு பொருந்தாது.